யூனிட் கணக்கு தெரிந்த வீட்டுக்கு ஆம்பியர் கணக்கும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு தீப்பிடித்த செய்தி வரும்போதெல்லாம் ‘மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது’ என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. பெங்களூருவில் வீட்டு வயரிங் வேலை செய்யும் தமிழ் எலக்ட்ரீஷியன்களான நாங்கள், அந்த வரிக்கு அப்பால் உள்ளதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவே இதை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். கணக்கைப் பாதியில் நிறுத்த முடியாது என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மின்சாரத்தால் தீ வருவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி, சாமானின் உலோக உடலையோ சுவர் ஈரத்தையோ தொட்டு, மின்சாரம் எர்த்துக்கு, அதாவது தரைக்கு, ஓடுவது கசிவு. கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி அதைப் பிடித்துவிடும். ஃபேஸும், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் நேராகத் தொட்டுக்கொள்வது ஷார்ட். ஓட்டம் அளவு மீறினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மூன்றாவது, பிளக் பாயிண்ட்டிலோ சுவிட்சிலோ ஜங்ஷன் பாக்ஸிலோ இருக்கும் லூஸ் கான்டாக்ட் மெல்ல மெல்லச் சூடேறிக் கருகுவது. இதை இரண்டு கருவிகளும் பிடிப்பதில்லை. இந்தக் கருவிகள் இருக்கும் டி.பி. பாக்ஸில் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தும் ஒரு வீட்டில் பிளக் பாயிண்ட் எரிந்திருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மூன்றாவதைத்தான். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வோல்ட் (மின் அழுத்தம்), ஆம்பியர் (மின் ஓட்டம்) என்ற இரண்டு அளவும், ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பரீட்சையில் சரியாகவே போடுகிறார்கள். அதே பிள்ளையின் வீட்டில் பக்கெட் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் ராடு எந்தப் பாயிண்ட்டில் செருகியிருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

வீடுகளுக்கு இலவச மின்சாரம் தரும் கர்நாடக அரசின் கிருக ஜோதித் திட்டம் வந்தபின் இங்கே ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் ஈஜிபுராவிலும் 200 யூனிட் வரம்பு தெரியாத வீடே இல்லை. மாதக் கடைசியில் மீட்டரை எட்டிப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் யூனிட் என்பது பில்லுக்கான அளவு. சுவருக்குள் இருக்கும் கம்பிக்கு அது ஒன்றையும் சொல்லாது. 100 வாட் குண்டு பல்பு 15 மணி நேரம் எரிந்தாலும் 1.5 யூனிட். 1500 வாட் ராடு ஒரு மணி நேரம் ஓடினாலும் அதே 1.5 யூனிட். பில்லில் இரண்டும் ஒன்று. கம்பியில் ஓடுவதோ பல்புக்கு 0.43 ஆம்பியர், ராடுக்கு 6.5 ஆம்பியர். பதினைந்து மடங்கு. கம்பியிலும் இணைப்பிலும் எழும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறுவதால், ராடு ஓடும் நேரத்தில் அதே இணைப்பு 225 மடங்கு சூட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது. பல்பு எரிந்த வரை இருபது வருடம் ஒழுங்காக இருந்த பாயிண்ட், ராடு செருகிய ஒரே குளிர்காலத்தில் கருகிப்போவதற்கு இதுதான் காரணம்.

கணக்குக்கு வருவோம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. 1827-ல் ஜார்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட உறவு இது. இரண்டையும் சேர்த்தால் இன்னும் இரண்டு கிடைக்கும்: ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, பிறகு ஓமால் பெருக்கினாலும் வாட்; வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தாலும் வாட். சாமான் ஓடும்போது அது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க முதல் சூத்திரம். கம்பியும் இணைப்பும் எவ்வளவு சூடாகும் என்று பார்க்க ஆம்பியர் வர்க்கச் சூத்திரம். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது ஹீட்டர் எப்படி மாறும் என்று பார்க்க வோல்ட் வர்க்கச் சூத்திரம். எதை எங்கே போட வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ராடின் லேபிளில் 230 வோல்ட், 1500 வாட் என்று இருக்கும். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.52 ஆம்பியர். 230-ஐ 6.52-ஆல் வகுத்தால் 35.3 ஓம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ராடு ஆறியபின், வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பெரிய எர்த் பின்னை விட்டுவிட்டு மற்ற இரண்டு பின்களுக்கிடையே தொட்டால் ஏறத்தாழ இதே 35 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. பிறகு எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே தனித்தனியாகப் பாருங்கள். அங்கே மீட்டர் எதையும் காட்டக் கூடாது. சில ஆயிரம் ஓம் காட்டினால் ராடின் குழாய்க்குள் ஈரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 230 வோல்ட்டை 7,667 ஓமால் வகுத்தால் 30 மில்லி ஆம்பியர், வீட்டு ஆர்.சி.சி.பி. விழுவதற்கான அளவு அது. சாதாரண மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. அதில் தேறிய ராடும், அதிக வோல்ட்டில் கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியில் தவறலாம். சந்தேகம் இருந்தால் மெக்கர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள்.

ஹீட்டர்களில் இருக்கும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் சில சதவீதம்தான் மாறும். அதனால் ஆறியபோது அளந்த ஓமை நம்பிக் கணக்குப் போடலாம். குண்டு பல்புக்கு இது பொருந்தாது. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். அணைந்திருக்கும்போது அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டங்ஸ்டன் சூடேறினால் தடை அப்படி ஏறும். மோட்டாருக்கு இந்த முறை சுத்தமாகவே பொருந்தாது. சம்ப் தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரின் சுருளை அளந்தால் சில ஓம் காட்டும். 4 ஓம் என்று வைத்து 230-ஐ வகுத்தால் 57 ஆம்பியர் வரும். ஓடும் மோட்டார் அப்படி இழுப்பதில்லை, அதன் சுழற்சியே எதிர் வோல்டேஜை உண்டாக்கி ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. தண்டு சிக்கி மோட்டார் சுற்றாமல் நின்றால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சில நிமிடங்களில் சுருள் கருகுவது இதனால்தான்.

மோட்டாரில் இன்னொரு தவறும் நடக்கிறது. 1 குதிரைத்திறன் 746 வாட், எனவே 3.2 ஆம்பியர் என்று கணக்குப் போட்டு மெல்லிய கம்பி இழுத்துவிடுகிறார்கள். 746 வாட் என்பது தண்டில் கிடைக்கும் வேலை. மோட்டாரின் திறன் 65 சதவீதம், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு) 0.8 என்று வைத்தால் உள்ளே போக வேண்டியது 6.2 ஆம்பியர். ஸ்டார்ட் ஆகும் நொடியில் இதைப் போல ஐந்து ஆறு மடங்கு. மோட்டாரின் ஆம்பியரை லேபிளில் படியுங்கள், அல்லது கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரில் அளந்து கொள்ளுங்கள், குதிரைத்திறனிலிருந்து ஊகிக்காதீர்கள்.

வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ‘வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏறும், கம்பி எரியும்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ராடு, கீசர், அயர்ன் பாக்ஸ் இவற்றில் அப்படி நடக்காது. 35.3 ஓம் மாறாததால் 200 வோல்ட்டில் 5.67 ஆம்பியர்தான் ஓடும், வாட் 1134 ஆகக் குறைந்துவிடும். அதனால் பில் குறையும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 15 லிட்டர் பக்கெட் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற 0.44 யூனிட் வேண்டும். 1500 வாட்டில் 17 நிமிடம் பிடிக்கும், 1134 வாட்டில் 23 நிமிடம். நேரம்தான் கூடுகிறது. டி.வி., கம்ப்யூட்டர், எல்.இ.டி. டிரைவர், வண்டிச் சார்ஜர் போன்றவைதான் வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி வாட்டைச் சமன் செய்துகொள்பவை.

இனி பிளக் பாயிண்ட். வீட்டில் இருப்பவை இரண்டு அளவு: சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் சின்னது 1380 வாட், பெரியது 3680 வாட். 1500 வாட் ராடு 6.52 ஆம்பியர் இழுக்கிறது. அதாவது சின்னப் பாயிண்ட்டில் அதற்கு இடமே இல்லை. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் 2000 வாட் கீசரும் 8.7 ஆம்பியர், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.35, அது சின்னதில் போகலாம். பெரிய பின்னைச் சின்னப் பாயிண்ட்டில் செருக கன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் ஒன்றை உணர வேண்டும்: பின் பெரிதாகச் செய்யப்பட்டதே சின்னதில் செருகக் கூடாது என்பதற்காக. கன்வெர்ட்டர் அந்தத் தடையை நீக்கிவிடுகிறது, உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு மட்டும் பழையபடியே இருக்கிறது.

அந்தத் தகட்டில்தான் விஷயம் இருக்கிறது. பிளக் பின்னை இறுக்கிப் பிடித்திருக்கும் வரை அந்தத் தொடர்பின் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். வருடக்கணக்கில் செருகிப் பிடுங்கித் தகடு தளர்ந்தாலோ, திருகு தளர்ந்தாலோ, கம்பி இழைகளில் பாதியை வெட்டிவிட்டுச் செருகியிருந்தாலோ தடை ஏறும். அரை ஓம் என்று வைப்போம். அந்த அரை ஓமும் சேர்வதால் ராடின் ஓட்டம் 6.4 ஆம்பியராகச் சற்றுக் குறையும்; 6.4-ஐ அதனாலேயே பெருக்கி, அரையால் பெருக்கினால் 20 வாட்டுக்கு மேல். சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். ஈயத்தை உருக்கும் கருவியின் சூடு கிட்டத்தட்ட முழுவதும் சுவிட்ச் போர்டுக்குள் பட்டாணி அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. காற்று போக வழியில்லை. பித்தளை சூடேறினால் அதன் விறைப்பு போகும், மேலே ஆக்ஸைடு படியும், தடை இன்னும் ஏறும், சூடும் அதோடு ஏறும். தானாக நிற்கும் கோளாறு இல்லை இது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்பார்கள். ராடு 35.3 ஓம். பாதையில் 5 ஓம் கெட்ட தொடர்பு சேர்ந்தால் மொத்தம் 40.3. 230-ஐ வகுத்தால் 5.7 ஆம்பியர். முன்பு 6.5 ஓடியது, இப்போது 5.7. ஓட்டம் குறைந்திருக்கிறது! ஆம்பியர் கூடினால் விழுவதற்காகச் செய்யப்பட்ட எம்.சி.பி. குறைந்ததைக் கண்டு விழாது. எர்த்துக்கு எதுவும் ஓடவில்லை என்பதால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. ஆனால் அந்த 5 ஓமில் 160 வாட்டுக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும். ‘எல்லாப் பாதுகாப்பும் இருந்தும் எரிந்துவிட்டது’ என்று சொல்லும் வீடுகளில் நடந்திருக்கக்கூடியது இதுவே. கருவியில் பழுது இல்லை. இந்தக் கோளாற்றைப் பார்க்கும் கண் அந்தக் கருவிக்குக் கிடையாது.

அப்படியானால் யார் பார்ப்பது? வோல்ட் மீட்டர் பார்க்கும். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் பெரிய அளவுக்குத் திருப்பி வையுங்கள். சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்க வேண்டும், 10 ஆம்பியர் துளையில் இருக்கவே கூடாது. அந்தத் துளையில் வைத்துப் பாயிண்ட்டில் குத்தினால் அது நேர் ஷார்ட், மீட்டர் கையிலேயே வெடிக்கும். நல்ல நிலையில் உள்ள, 16 ஆம்பியர் தாங்கும், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியுள்ள இரண்டு மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைச் சோதிக்க வேண்டிய பவர் பாயிண்ட்டில் செருகுங்கள். ராடைப் பக்கெட் தண்ணீரில் வைத்து பாக்ஸில் செருகுங்கள். பாக்ஸின் இன்னொரு துளையில் மீட்டரை வைத்து, ராடு ஆஃபில் ஒரு அளவு, ஆனில் ஒரு அளவு எடுங்கள். தெரு வோல்டேஜே ஏறி இறங்கும் என்பதால் மூன்று முறை மாற்றி மாற்றி எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. பிறகு ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே சுவிட்ச் போர்டில் உள்ள வேறொரு பாயிண்ட்டில் ஒரு அளவு. மெயின் சுவிட்சில் எடுக்க வேண்டிய அளவை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

எடுத்துக்காட்டாக எண்கள் இப்படி வருகின்றன என்று வைப்போம். ராடு ஆஃபில் எங்கும் 232 வோல்ட். ராடு ஓடும்போது 6.3 ஆம்பியர், அப்போது மெயின் சுவிட்சில் 229.5, அதே போர்டின் பக்கத்துப் பாயிண்ட்டில் 226, பாக்ஸில் 221. தெருவிலிருந்து மெயின் வரை 2.5 வோல்ட் விழுந்திருக்கிறது, 6.3-ஆல் வகுத்தால் 0.4 ஓம். அது டிரான்ஸ்ஃபார்மர், சர்வீஸ் வயர் பாடு. மெயினிலிருந்து போர்டு வரை 3.5 வோல்ட், 0.56 ஓம். 15 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போனால், போக வர 30 மீட்டர்; கிலோமீட்டருக்கு 13.3 ஓம் கணக்கில் 0.4 ஓம் இருக்க வேண்டும். 0.16 கூடுதல். இணைப்புகளை ஒருமுறை இறுக்கினால் போதும். போர்டிலிருந்து பாக்ஸ் வரை 5 வோல்ட், 0.79 ஓம். பாக்ஸின் சொந்தக் கம்பிக்கு 0.05 கழித்தால் 0.74 ஓம் அந்த ஒரு பவர் பாயிண்ட்டிலும் அதன் சுவிட்சிலும் இருக்கிறது. 6.3-ஐ 6.3-ஆல் பெருக்கி 0.74-ஆல் பெருக்கினால் 29 வாட். அந்தப் பாயிண்ட்டை அன்றே மாற்ற வேண்டும். கருகிய தடம் எதுவும் வெளியே தெரியாத நிலையிலேயே இது தெரிந்துவிடுகிறது. மெயினுக்கு உள்ளே மொத்தமாக வீணாவது 54 வாட். தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 1.6 யூனிட். பில்லைப் பார்த்து இந்தக் கோளாற்றைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு எளிய வழி: ராடைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, பின்களைத் தொட்டுப் பார்ப்பது. இளஞ்சூடு பரவாயில்லை. விரல் வைத்திருக்க முடியாத சூடு என்றால் தொடர்பு கெட்டுவிட்டது. ஒரு பின் மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்கத்துத் தகடு தளர்ந்திருக்கிறது. போர்டுப் பக்கம் மீன் வாடை வந்தால் பிளாஸ்டிக் ஏற்கெனவே கருகத் தொடங்கிவிட்டது; மெயினை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

கம்பி வாங்குவதிலும் இதே வகுத்தல் உதவும். எஸ்.பி. ரோடு கடைகளில் 90 மீட்டர் கம்பிச் சுருள் (காயில்) வாங்குகிறீர்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்புக் கம்பிக்கு, 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 13.3 ஓம் என்பது இந்தியத் தர அளவு. 90 மீட்டருக்கு 1.2 ஓம். காயிலின் இரண்டு முனையையும் சீவி மல்டிமீட்டரில் அளந்து, மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழித்துவிடுங்கள். 1.2 பக்கம் வந்தால் சரி. 1.8, 1.9 என்று வந்தால் கனம் குறைவு, அல்லது செம்பு பூசிய அலுமினியம். சாதாரண மல்டிமீட்டர் இந்த அளவில் துல்லியமாக இருக்காது என்றாலும் ஒன்றரை மடங்கு வித்தியாசத்தைக் கட்டாயம் காட்டிக்கொடுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் கிலோமீட்டருக்கு 7.98 ஓம், 4-க்கு 4.95, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கார்டுகளில் வரும் 0.75-க்கு 26. பவர் பாயிண்ட்டுக்கு 2.5-க்குக் குறைந்து போடாதீர்கள். 3000 வாட் கீசருக்கு 4 போடுவதே எங்கள் வழக்கம். ஷீட் வீடுகளில் கூரைச் சூட்டில் கம்பியின் தாங்குதிறன் இன்னும் குறையும்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மாடியிலிருந்து 25 மீட்டர் மெல்லிய கார்டைத் தொங்கவிடுகிறவர்களுக்கு: போக வர 50 மீட்டர், 0.75 கம்பியில் 1.3 ஓம். 750 வாட் சார்ஜர் 3.3 ஆம்பியர் இழுத்தால் 14 வாட் சூடு கார்டு முழுக்கப் பரவும், அது ஆபத்தில்லை. மிச்சக் கார்டைச் சுருட்டி வைத்தால் அந்தச் சூட்டின் பெரும்பங்கு ஒரே சுருளுக்குள் மணிக்கணக்கில் தங்கிவிடும். கார்டைப் பிரித்தே போடுங்கள்.

இரண்டு பெரிய சாமான்களை ஒரே நேரத்தில் ஓட்டும்போது வாட்டைக் கூட்டுங்கள். ராடு 1500, இண்டக்‌ஷன் 2000, மொத்தம் 3500. 230-ஆல் வகுத்தால் 15.2 ஆம்பியர். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தால் 0.75 கார்டு நிச்சயம் உருகும். ஒரே 1.5 கம்பியில் இருந்தாலும் அதன் எல்லையில் நிற்கிறது. இதோடு இன்னொரு சாமானும் சேரும்போது 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி 32 போடச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். எம்.சி.பி.யைக் கம்பியின் கனத்துக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்.சி.பி. தன் அளவைத் தாண்டியதும் உடனே விழுந்துவிடாது: 1.13 மடங்கை ஒரு மணி நேரம் வரை தாங்கிக்கொண்டிருக்கும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதே அதன் தரம். 32-க்கு 1.45 மடங்கு 46 ஆம்பியர். 1.5 கம்பி அவ்வளவு நேரம் அதைத் தாங்காது. எம்.சி.பி.யை மாற்றச் சொல்லாதீர்கள், மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். பெங்களூரு மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் பில்லில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த சுமை எத்தனை கிலோவாட் (ஆயிரம் வாட்) என்று அச்சாகியிருக்கும். அதையும் இந்த 3500 வாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டாங் டெஸ்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அதை ஃபேஸ் கம்பி ஒன்றை மட்டும் சுற்றிப் பிடிக்க வேண்டும். முழுக் கார்டையும் பிடித்தால் ஃபேஸில் போவதும் நியூட்ரலில் வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். மின்விசிறி போன்ற சின்ன ஓட்டத்துக்குக் கம்பியை ஐந்து சுற்றுச் சுற்றிப் பிடித்து, வந்த எண்ணை ஐந்தால் வகுத்தால் துல்லியம் கூடும். அயர்ன் பாக்ஸ், கீசர் இவற்றை அவற்றின் விளக்கு எரியும்போது அளக்க வேண்டும். தெர்மோஸ்டாட் அணைத்த நேரத்தில் அளந்துவிட்டு ‘ஆம்பியரே இல்லை’ என்று ஏமாறக் கூடாது.

எந்தக் கருவியும் இல்லாவிட்டாலும் மின் மீட்டரே வாட்டைச் சொல்லும். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருந்தால் சிவப்பு விளக்கின் ஒரு மினுக்கு 1125 ஜூல். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ராடை மட்டும் ஓட்டி 30 நொடி எண்ணுங்கள். 40 மினுக்கு வந்தால் 40-ஐ 1125-ஆல் பெருக்கி 30-ஆல் வகுக்க, சரியாக 1500 வாட். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியரும் கிடைத்துவிட்டது. 1500 என்று எழுதி 1200 மட்டுமே இழுக்கும் மலிவு ராடுகளும் இதில் பிடிபடும். அதற்கு முன் வோல்டேஜ் குறைவா என்று பார்த்துவிட வேண்டும்.

இன்வெர்ட்டர் வீடுகள் இங்கே அதிகம். 12 வோல்ட் பேட்டரியில் 600 வாட் எடுத்தால் 50 ஆம்பியர். பேட்டரி முனையில் நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலே 25 வாட் சூடு. முனையில் வெள்ளையாகப் பூத்திருப்பதைத் துடைத்து, வாசலின் தடவி, நட்டை இறுக்கி வையுங்கள்.

கடைசியாக நியூட்ரல். இதற்கு எலக்ட்ரீஷியன் அல்லாதவர்களும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு ஆபத்து இருக்கிறது. மூன்று ஃபேஸ் வந்து, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஃபேஸ் பிரித்துவிட்ட வாடகைக் கட்டடங்களில் பொது நியூட்ரல் அறுந்தால், இரண்டு வீடுகள் தொடராகி 400 வோல்ட்டுக்குக் குறுக்கே நின்றுவிடும். கீழ் வீட்டில் 35.3 ஓம் ராடு ஓடுகிறது, மேல் வீட்டில் 529 ஓமில் ஒரு 100 வாட் பல்பு எரிகிறது என்று வைப்போம். மொத்தம் 564 ஓம், ஓட்டம் 0.71 ஆம்பியர். அதை 529-ஆல் பெருக்கினால் மேல் வீட்டுக்கு 375 வோல்ட், கீழ் வீட்டுக்கு வெறும் 25. குறைவாகச் செலவழிக்கும் வீட்டில்தான் டி.வி.யும் ஃப்ரிட்ஜும் புகையும். ஒரு வீட்டில் விளக்கு கண்கூச எரிந்து இன்னொன்றில் மங்கினால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லா வீட்டு மெயினையும் உடனே அணைக்க வேண்டும். நியூட்ரல் இணைப்பை வருடம் ஒருமுறை இறுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நியூட்ரலில் ஃப்யூஸ் போட எவரையும் விடாதீர்கள்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். டிசம்பர் தொடங்கும் முன், ராடு 6.5, அயர்ன் பாக்ஸ் 4.35, இண்டக்‌ஷன் 8.7, 3000 வாட் கீசர் 13 என்ற ஆம்பியர் எண்களையும், சின்னப் பாயிண்ட் 1380 வாட், பெரிய பாயிண்ட் 3680 வாட் என்ற எல்லையையும் பெங்களூரு பதிப்பில் வெட்டி ஒட்டிக்கொள்ளும் அளவில் ஒரு கட்டமாக வெளியிட வேண்டும். தீ விபத்துச் செய்தி எழுதும் நிருபர்கள், எந்தப் பாயிண்ட் எரிந்தது, அதில் என்ன செருகியிருந்தது, எத்தனை ஆம்பியர் எம்.சி.பி. இருந்தது என்ற மூன்று கேள்விகளையும் தீயணைப்புத் துறையினரிடம் கேட்டு எழுதச் சொல்ல வேண்டும். பதில் கிடைத்த நாளில் அதைப் படிக்கும் ஆயிரம் வீடுகளில் சிலராவது தங்கள் பாயிண்ட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
வீட்டு வயரிங் பணி செய்யும் தமிழ் எலக்ட்ரீஷியன்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.